புது வீட்டில் இந்தியன் டாய்லெட்டா, வெஸ்டர்னா?

ஊரில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டியபோது படிக்கட்டு உள்ளேயா வெளியேயா, பூஜை அறை எந்தப் பக்கம் என்பதெல்லாம் இரண்டு நாளில் முடிவாகிவிட்டது. கழிவறையில்தான் மூன்று வாரம் நின்றோம். அப்பாவுக்கு 71 வயது, வலது முழங்கால் தேய்மானம். அம்மாவுக்கு 64, இன்றைக்கும் புறவாசலில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு முறம் சின்ன வெங்காயத்தை உரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். என் மகனுக்கு ஆறு வயது. சென்னை வாடகை வீட்டில் வெஸ்டர்ன் தவிர வேறு எதையும் பார்க்காத பிள்ளை, ஊருக்கு வந்தால் இரண்டு நாள் வெளிக்குப் போகாமல் அடக்கிக்கொள்வான்.

மேஸ்திரி, "ரெண்டுலயும் வெஸ்டர்னே வச்சிருங்க தம்பி, இப்ப யாரு இந்தியன் கேக்கா" என்றார். சித்தப்பா போனில், "வெஸ்டர்ன் வச்சா மலச்சிக்கலும் மூலமும்தாம்ல வரும்" என்றார். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். சரி, நாமே தெரிந்துகொள்வோம் என்று படிக்க ஆரம்பித்தேன், அப்பாவைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடமும் கேட்டேன். வீடு கட்டுகிறவர்கள், குளியலறையை மாற்றுகிறவர்கள், வயதான பெற்றோரை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் நான் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் குடல் பக்கம் பார்க்கலாம், ஏனென்றால் குந்தி உட்காருவதற்கு இருக்கும் பெரிய பலமே அதுதான். மலக்குடல் ஆசனவாயோடு சேருகிற இடத்தில் பியூபோரெக்டாலிஸ் என்று ஒரு தசை இருக்கிறது. இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து கிளம்பி, குடலைப் பின்னால் சுற்றிக்கொண்டு, திரும்ப முன்பக்கமே வந்து சேரும் ஒரு வளையக் கயிறு மாதிரி. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் அது குடலை முன்னுக்கு இழுத்து வளைத்தே வைத்திருக்கும். அந்த வளைவு இருப்பதால்தான் பஸ்ஸில் குலுங்கினாலும் மாடிப்படி ஏறினாலும் ஒன்றும் ஆகாமல் இருக்கிறோம். வெளிக்குப் போகும் நேரத்தில் இந்தத் தசை தளர வேண்டும், வளைவு நிமிர வேண்டும். தொடை வயிற்றை ஒட்டி வரும்படி குந்தினால் அது நன்றாக நிமிர்கிறது, நாற்காலியில் இருப்பதுபோல் உட்கார்ந்தால் பாதிதான் நிமிர்கிறது.

ஜப்பானில் 2010-ல் இதை எக்ஸ்ரே வீடியோவில் அளந்து பார்த்தார்கள். சாதாரணமாக உட்காரும்போது அந்த வளைவின் கோணம் சராசரியாக 100 டிகிரி, குந்தும்போது 126 டிகிரி, கோணம் கூடினால் வளைவு அதிகமாக நிமிர்ந்தது என்று அர்த்தம். வயிற்றில் கொடுக்க வேண்டிய அழுத்தமும் குந்தும்போது குறைவாக இருந்தது. ஆனால் அதில் இருந்தது ஆறே ஆறு பேர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு 2003-ல் இஸ்ரேலில் 28 பேரை மூன்று விதமாக உட்கார வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது: வழக்கமான உயரத்தில் உள்ள வெஸ்டர்ன் கோப்பை, அதைவிடக் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் தாழ்ந்த கோப்பை, அப்புறம் முழுக்கக் குந்துவது. வயிறு காலியான திருப்தி வர ஆன சராசரி நேரம் முதலாவதில் 130 நொடி, இரண்டாவதில் 114 நொடி, குந்தியபோது 51 நொடி. முக்க வேண்டிய சிரமமும் குந்தியபோதுதான் மிகக் குறைவு என்று அவர்கள் சொன்னார்கள்.

சித்தப்பா சொன்னதில் பாதி சரி என்று எனக்கு அப்போது பட்டது. பாதிதான். குந்தினால் வெளிக்குப் போவது சுலபம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, இந்தியன் டாய்லெட்டில் போகிறவர்களுக்கு மூலம் வராது, குடல்வால் பிரச்சினை வராது, குடல் புற்றுநோய் வராது என்று குடும்பக் குழுக்களில் சுற்றுகிறதே, அதையெல்லாம் யாரும் நிரூபிக்கவில்லை. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் குந்தித்தான் போனோம், மூலத்துக்கு வைத்தியம் பார்க்கும் பலகைகளும் ஊருக்கு ஊர் இருக்கத்தான் செய்கின்றன. நார்ச்சத்து, தண்ணீர், வந்ததை அடக்காமல் போவது, முக்காமல் இருப்பது, இவைதான் அங்கே பெரிய விஷயம். உட்காரும் விதம் இவற்றோடு கூடச் சேரும் ஒரு உதவி.

வெஸ்டர்னில் இன்னொரு சிக்கல் உண்டு, அது கோப்பையின் குற்றம் என்று சொல்ல முடியாது. வசதியாக இருக்கிறது, அதனால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. 2025-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் கொலனோஸ்கோபிக்கு, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு, வந்த 125 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். கழிவறைக்குள் போன் எடுத்துப் போகிறவர்களில் 37 சதவீதம் பேர் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காருகிறார்கள், போன் எடுக்காதவர்களில் அது 7 சதவீதம்தான். மூலம் இருக்கும் வாய்ப்பு போன்காரர்களுக்கு 46 சதவீதம் அதிகமாக இருந்தது. கோப்பையின் வளையத்தில் பிட்டம் பதிந்து, நடுவில் கீழ்ப்பகுதிக்கு எந்தத் தாங்கலும் இல்லாமல் நேரம் போகப் போக அங்குள்ள ரத்தக்குழாய்கள் வீங்கிக்கொள்கின்றன என்பதுதான் அவர்கள் நினைக்கும் காரணம். இந்தியனில் இந்தத் தொல்லை இல்லை. ஐந்து நிமிடம் ஆனால் கால் மரத்துவிடும், தானாக எழுந்துவிடுவோம். எந்தக் கோப்பையை வைத்தாலும் போனைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வீட்டில் வரட்டும், இதற்குச் செலவே இல்லை.

இனி முழங்கால்.

அப்பாவின் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே சொன்னது மூன்று: தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, வீட்டில் வெஸ்டர்ன் இல்லையென்றால் உடனே ஏற்பாடு செய்யுங்கள். முழுக்கக் குந்தும்போது மூட்டு கடைசி எல்லை வரை மடங்குகிறது, சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. நல்ல மூட்டு அதைத் தாங்கும். தேய்ந்த மூட்டுக்கு உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் பெரிய சோதனை. அப்பா பழைய வீட்டில் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார், அந்தக் குழாய் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அதோடு விழுவார் என்று பயந்துகொண்டே இருந்தோம்.

அப்படியானால் குந்துவதால்தான் மூட்டு தேய்கிறதா? இந்தக் கேள்வியில் நான் நிறைய நேரம் செலவழித்தேன், ஏனென்றால் அம்மாவைப் பற்றியும் இதே பயம் எனக்கு இருந்தது. பெய்ஜிங்கில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய மூட்டு ஆய்வின் முடிவு 2004-ல் வந்தது. 25 வயதில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குந்தி உட்கார்ந்தீர்கள் என்று கேட்டு, முழங்கால் எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டார்கள். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் குந்தியவர்களுக்கு, அரை மணிக்கும் குறைவாகக் குந்தியவர்களைவிட, மூட்டுத் தேய்மானம் இருக்கும் வாய்ப்பு ஆண்களில் சுமார் 2 மடங்கு, பெண்களில் 2.4 மடங்கு. ஒரு மணி, இரண்டு மணி வரை குந்திய ஆண்களுக்கு அப்படி ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே பெய்ஜிங் ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு: அங்குள்ள முதியவர்களுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம், அமெரிக்க வெள்ளையர்களோடு ஒப்பிட்டால், மிகமிகக் குறைவு. குந்துவதால்தான் அப்படி என்று சொல்ல முடியாது, பரம்பரையும் உடல்வாகும் காரணமாக இருக்கலாம். ஆனால் குந்துவது எல்லா மூட்டையும் கெடுக்கும் என்ற பேச்சு நிற்காது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது நேரக்கணக்கு. காலையில் மூன்று நான்கு நிமிடம் கழிவறையில் குந்துவதும், களை எடுப்பிலும் கடலை ஆய்வதிலும் நாள் முழுக்கக் குந்தியிருப்பதும் ஒன்றல்ல. அந்த வேலைகளைப் பல வருடம் செய்த பெண்களின் முழங்காலைப் பார்த்துவிட்டு, பழி முழுவதையும் இந்தியன் டாய்லெட் மேல் போடுவது நியாயமில்லை. நீண்ட நேரம் குந்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, எலும்பின் மேலாக ஒரு நரம்பு ஓடுகிறது. மணிக்கணக்கில் குந்தினால் அது நசுங்கிப் பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போகும். வெளிநாடுகளில் ஸ்ட்ராபெரி பறிக்கும் தொழிலாளிகளுக்கு இது வந்து, அவர்கள் பெயரிலேயே அந்த நோய் அழைக்கப்படுகிறது. நம் வயல்வேலைக்கும் இது பொருந்தும். வேலைக்கு ஒரு அரையடி உயரக் கட்டையோ குட்டி முக்காலியோ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அதைத்தான் செய்திருக்கிறேன், பத்து நிமிடம் குந்துவார், அப்புறம் கட்டையை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ரத்த அழுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும், இதை வீடு கட்டுகிற யாரும் யோசிப்பதில்லை. குந்தும்போது கால்களில் உள்ள ரத்தக்குழாய்கள் மடங்கி நசுங்குவதால் ரத்தம் இதயத்துக்கு அதிகமாகத் திரும்பி வருகிறது, அழுத்தம் ஏறுகிறது. பிறவியிலேயே இதயக் குறையுள்ள சில குழந்தைகள், உடம்பு நீலம் பாய்ந்து மூச்சு வாங்கும்போது யாரும் சொல்லிக்கொடுக்காமல் தாங்களே குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். அது அவர்களுக்கு உண்மையாகவே ஆசுவாசம் தருகிறது, மருத்துவ மாணவர்கள் பாடத்திலேயே படிக்கும் விஷயம் இது. அந்தக் குழந்தைக்கு உதவும் அதே ஏற்றம், அழுத்தம் கட்டுக்குள் இல்லாத ஒரு முதியவருக்கு, அதுவும் அவர் முக்கும்போது, நல்லதல்ல. குந்தி இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் நேர்மாறாக அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு இது கூடுதல். விடியற்காலை, ஈரத் தரை, மங்கிய விளக்கு, தலைச்சுற்றல் எல்லாம் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறிய வேறு எதுவும் வேண்டாம்.

பெண்கள் விஷயம் ஒன்று. பஸ் நிலையத்திலோ ரயிலிலோ வெஸ்டர்ன் இருந்தால் பெரும்பாலான பெண்கள் அதில் உட்காருவதில்லை. மேலே படாமல் பாதி குந்தி, தொடையை இறுக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றபடி சிறுநீர் கழிக்கிறார்கள். பிரிட்டனில் 1991-ல் வந்த ஆய்வில், இப்படி அந்தரத்தில் நின்று கழிக்கும்போது சிறுநீர் வரும் வேகம் 21 சதவீதம் குறைந்தது, பையில் தங்கிப்போகும் சிறுநீர் 149 சதவீதம் கூடியது. தொடையும் இடுப்பும் இறுகியிருந்தால் கீழே உள்ள தசை மட்டும் எப்படித் தளரும்? பொது இடத்தில் எனக்குக் கேட்டால் இந்தியன்தான். எதுவும் உடம்பில் படாது, முழுக்கக் குந்தலாம், ஒரு வாளித் தண்ணீரில் கழுவியும் விடலாம். வெஸ்டர்ன் மட்டும்தான் இருக்கிறது என்றால் வளையத்தைத் துடைத்துவிட்டு உட்காருவது, அந்தரத்தில் நிற்பதைவிட நல்லது. தோல் வளையத்தில் படுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. நீண்ட பயணத்தில் சிறுநீரை அடக்கி வைப்பதும் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும்தான் அதைவிடக் கெடுதல். என் மனைவி இதைப் படித்த பிறகு பயணப் பையில் டிஷ்யூ வைத்துக்கொள்கிறாள்.

தண்ணீர்ச் செலவு, சுத்தம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியனுக்கு வாளித் தண்ணீரே போதும், கிராமப்புறத்தில் இரட்டைக் குழிக் கழிவறைக்கென்று போடுகிற, சரிவு கூடிய கோப்பைக்கு ஒன்றரை இரண்டு லிட்டரே போதும். வெஸ்டர்னில் இரட்டைப் பொத்தான் தொட்டி என்றால் சிறியதுக்கு 3, பெரியதுக்கு 6 லிட்டர், பழைய தொட்டிகள் அதைவிட அதிகமாக இழுக்கும். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கழுவுவதற்கும் இந்தியன் சுலபம், வளையமும் மூடியும் கீலும் அழுக்குச் சேரும் இடுக்கும் அதில் கிடையாது.

சரி, வெஸ்டர்ன்தான் வேண்டும் என்று ஆகிவிட்டவர்கள் குந்துவதன் பலனில் கொஞ்சமாவது பெற முடியுமா? பாதத்துக்கு அடியில் ஒரு பலகை போட்டு முழங்காலை உயர்த்தும் ஸ்டூல் இப்போது எல்லா இடத்திலும் விற்கிறது. இதைப் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. முன்பு சொன்ன ஜப்பான் ஆய்வில், உட்கார்ந்த நிலையில் இடுப்பை மட்டும் கூடுதலாக மடக்கியபோது கோணம் மாறவே இல்லை, 99 டிகிரிதான். 2019-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் 52 பேர் வீட்டில் ஸ்டூல் வைத்துப் பார்த்ததில் 71 சதவீதம் பேர் சீக்கிரம் முடிந்தது என்றார்கள், 90 சதவீதம் பேர் முக்குவது குறைந்தது என்றார்கள். அது அவரவர் சொன்ன அனுபவம், ஸ்டூல் வைத்திருப்பது தெரிந்தேதான் சொன்னார்கள். எனக்கு ஸ்டூலில் பலன் தெரிந்தது, அதிலும் முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் கூடுதலாகத் தெரிந்தது. அப்படி முன்னால் குனிவதால் கோணம் திறக்கிறது என்று 2016-ல் வந்த ஆய்வும் சொல்கிறது. ஏழு முதல் ஒன்பது அங்குல உயரம் போதும். வீட்டில் கிடக்கும் மணைப்பலகை போதாது, அது இரண்டு அங்குலம்கூட இருக்காது. ஒரு எச்சரிக்கை: இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த ஸ்டூலைத் தொடவே கூடாது. இடுப்பை அந்த அளவுக்கு மடக்கினால் பொருத்திய மூட்டு நழுவ வாய்ப்புண்டு.

குழந்தைகளுக்கு மட்டும் ஸ்டூல் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை, கட்டாயம் வேண்டும். பெரியவர் உயரத்துக்கு வைத்த கோப்பையில் ஆறு வயதுப் பிள்ளை காலைத் தொங்கவிட்டு, விழுந்துவிடாமல் இருக்க வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவன் உடம்பு முழுக்க இறுகியிருக்கும், எப்படிப் போவான்? என் மகனுக்கு மலச்சிக்கல் என்று மருந்து வாங்கினோம், பழம் கொடுத்தோம், காலுக்கு அடியில் ஒரு பெட்டியைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போட்ட பிறகு அவன் அழுகை குறைந்தது.

கோப்பையின் உயரம் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. சந்தையில் 40 சென்டிமீட்டரிலிருந்து 48 வரை இருக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு உயரம் கூடக் கூட எழுந்திருப்பது சுலபம், குடலுக்கு உயரம் குறையக் குறைய நல்லது. இரண்டும் எதிரெதிர். ஐந்தடி உயரப் பெண்மணிக்கு 48 சென்டிமீட்டர் கோப்பை வைத்தால் பாதம் தரையில் பதியாது. அதனால் யார் அதிகம் பயன்படுத்துவார்களோ அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்து பாருங்கள், அந்த அளவை ஒட்டி வையுங்கள், முழங்கால் மோசமென்றால் அதற்கு மேல் ஓரிரு அங்குலம். சுவரில் மாட்டும் கோப்பை என்றால் எந்த உயரத்திலும் வைக்கலாம், ஆனால் பிளம்பர் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலோ இந்தியன் என்று ஒரு வகை உண்டு, வளையத்தில் உட்காரவும் செய்யலாம், இரண்டு பக்கமும் உள்ள அகல விளிம்பில் ஏறிக் குந்தவும் செய்யலாம். கேட்பதற்கு இரண்டு பிரச்சினையும் தீர்ந்த மாதிரி இருக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஈரக் காலோடு, பீங்கான் மேல் குந்துவது வாலிபனுக்கே ஆபத்து. சாதாரண வெஸ்டர்ன் கோப்பை மேல் ஏறிக் குந்துவதை நினைத்தும் பார்க்காதீர்கள், பீங்கான் உடைந்தால் கத்தி மாதிரி வெட்டும்.

வாடகை வீட்டில் இந்தியன் மட்டும் இருந்து, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ குந்த முடியாமல் போனால் தரையை உடைக்க வேண்டியதில்லை. நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலியை இந்தியன் கோப்பைக்கு நேர் மேலே போட்டுக்கொள்ளலாம், மருந்துக்கடைகளிலும் அறுவை சிகிச்சைப் பொருள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். கால் நான்கிலும் ரப்பர் அடி இருக்க வேண்டும், ஆடக் கூடாது. வெஸ்டர்ன் வைத்துவிட்டால் அதை இப்படித் தற்காலிகமாக இந்தியனாக மாற்ற வழியே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நான் தடுமாறியபோது இந்த ஒரு விஷயம் தராசை நிறையவே சாய்த்தது.

கழிவறையைத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் மிகவும் உறுத்தியது. முன்பெல்லாம் நம் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தரைக்குப் போய் எழுந்தோம்! அரிவாள்மனை, அம்மி, சாப்பாட்டுப் பந்தி, கோலம், துணி துவைக்கும் கல், கடைசியில் கழிவறை. ஒவ்வொன்றாக மேலே ஏறிவிட்டது. சமையல் மேடை, டைனிங் டேபிள், வாஷிங் மெஷின், மாப். முப்பத்தெட்டு வயதில் எனக்குக் குதிகால் தரையில் பதியக் குந்த வரவில்லை, கணுக்கால் அந்த அளவுக்கு மடங்காமல் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன். தான்சானியாவில் இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களை ஆராய்ந்து 2020-ல் எழுதியிருந்தார்கள். அவர்களும் விழித்திருக்கும் நேரத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் போல ஓய்வில்தான் இருக்கிறார்கள், கிட்டத்தட்ட நம் அலுவலகக்காரர்கள் அளவுக்கு. ஆனால் அந்த ஓய்வில் நல்ல பங்கு குந்தியோ மண்டியிட்டோ இருப்பது. அப்போது கால் தசை லேசாக வேலை செய்துகொண்டே இருக்கிறது, நாற்காலியில் அது முழுக்க ஓய்ந்துவிடுகிறது.

பிரேசிலில் 51 முதல் 80 வயதுவரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். பத்துக்குப் பத்து என்றால் கையோ முழங்காலோ ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். 2012-ல் வந்த அந்த முடிவில், மூன்றும் அதற்குக் கீழும் வாங்கியவர்கள் அடுத்த சில வருடங்களில் இறக்கும் வாய்ப்பு, எட்டும் அதற்கு மேலும் வாங்கியவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. காலின் பலமும் மூட்டின் வளைவும் உடம்பின் நிதானமும் யாருக்கு இருக்கிறது என்பதை அந்தச் சின்னச் செயல் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பலத்தை வைத்துக்கொள்ளத் தினமும் ஒரு தடவையாவது தரைக்குப் போய் வருவதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன். மூட்டு நன்றாக இருக்கிறவர்கள் உள்ள வீட்டில் ஒரே கழிவறைதான் முடியும் என்றால் இந்தியன் வைப்பேன், வயதான காலத்துக்குக் கமோட் நாற்காலி இருக்கிறது. முழங்கால் தேய்ந்தவர், பக்கவாதம் வந்தவர், மூட்டு மாற்றியவர், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர் ஒருவர் வீட்டில் இருந்தாலும் அந்த ஒன்று வெஸ்டர்னாக இருக்க வேண்டும், ஸ்டூலை மற்றவர்கள் போட்டுக்கொள்ளட்டும். இரண்டு கட்ட இடமிருந்தால் ஒவ்வொன்று. அப்படி இரண்டு கட்டும்போது இந்தியனைத் தரைத்தளத்தில் போடுவது வேலைக்குச் சுலபம். மாடியில் போட வேண்டுமென்றால் கோப்பை புதைய ஸ்லாபை அந்த இடத்தில் இறக்கித்தான் வார்க்க வேண்டும், கான்கிரீட் போட்ட பிறகு சொன்னால் மேஸ்திரி தலையில் கைவைப்பார்.

எங்கள் வீட்டில் அப்பா அறையை ஒட்டி வெஸ்டர்ன், புறவாசல் பக்கம் இந்தியன். இரண்டிலும் கைப்பிடிக் கம்பி. இந்தியனுக்கும் கம்பி வேண்டும் என்றபோது மேஸ்திரி சிரித்தார், ஆனால் அம்மாவுக்கும் ஒரு நாள் 75 ஆகும். துண்டு போடும் கம்பியைப் போட்டுவிட்டுப் போதும் என்று நினைக்காதீர்கள், அது ஆள் கனத்துக்குப் பெயர்ந்து வரும், நீளமான போல்ட் போட்டுச் செங்கலில் இறக்க வேண்டும். முதலில் மாட்டிய கம்பி அப்பாவுக்குத் தோள் உயரத்துக்கும் மேலே இருந்தது, கழற்றினோம். அப்புறம் தண்ணீர் இணைப்பு வருவதற்கு முன்பே அவரைக் கோப்பையில் உட்கார வைத்து, எழுந்திருங்கப்பா என்று சொல்லி, அவர் கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோட்டில்தான் இப்போது கம்பி இருக்கிறது.